நாலாம் நம்பர் சட்டை

"பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. போன வருஷம் ஜூன் மாதம் என் மாப்பிள்ளையிடம் நானும் அதைத்தான் கேட்டேன்.

"வாங்க அத்தை, ஒரு தடவை பாருங்க. ஆட்டம் புரியலேன்னாலும் பரவாயில்ல, வேர்க்கடலை சாப்பிட்டுட்டு வரலாம்" என்றார் அவர்.

மகள் வீடு நியூஜெர்ஸியில். பத்து வயதுப் பேரனுக்குக் கோடை விடுமுறை. அவனும் பள்ளிச் சிறுவர்கள் அணியில் பேஸ்பால் ஆடுகிறான். கிட்டிப்புள்ளையும் கிரிக்கெட்டையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு ஆட்டம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு (அதை வாசலிலேயே தடுத்துவிடப் போகிறார்களே என்று மகளுக்குக் கவலை) நியூயார்க் நகரத்து பிராங்ஸ் பகுதியில் இருக்கும் யாங்கீஸ் மைதானத்துக்குக் கிளம்பினோம். கடைசிப் பயணம் சுரங்க ரயிலில். அந்த ரயிலின் எண் 4. "பாட்டி, நாலாம் நம்பர் ரயில்ல ஏறி நாலாம் நம்பர் ஆளைப் பார்க்கப் போறோம்!" என்று பேரன் குதித்தான். யார் அந்த நாலாம் நம்பர் ஆள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை எங்களைச் சீக்கிரமே அழைத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. மைதானத்தின் நடுக்கோடிச் சுவருக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் மாதிரி இடம். நினைவுச் சின்னப் பூங்கா என்று சொல்லலாம். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பே அதை மூடிவிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் நான் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனேன். மகள் கையைப் பிடித்தாள். "அம்மா, இது கோயில் இல்லம்மா!"

ஆனால் கோயில் மாதிரிதான் இருந்தது. பெரிய கற்கள், அவற்றின் மேல் பதித்த முகங்கள். சுற்றுச் சுவரில் வரிசையாக வெண்கலப் பட்டயங்கள். அந்த அணிக்காக ஆடியவர்கள், ஆட்டம் கற்றுக் கொடுத்தவர்கள், அணியை நடத்தியவர்கள். முதல் கல் 1932-ல் மில்லர் ஹக்கின்ஸ் என்ற மேலாளருக்கு வைத்ததாம். அந்தக் காலத்தில் இந்தக் கற்கள் ஆடுகளத்துக்கு உள்ளேயே, புல்தரையிலேயே நின்றிருக்கின்றன. பந்து அந்தப் பக்கம் உருண்டால் ஆட்டக்காரர்கள் கல்லைச் சுற்றி ஓடிப்போய் எடுக்க வேண்டுமாம்! 1970-களில் மைதானத்தைப் புதுப்பித்தபோதுதான் தனி இடம் ஒதுக்கினார்கள். 2009-ல் பக்கத்திலேயே புது மைதானம் கட்டியபோது, வீடு மாறும்போது பூஜை அறைப் படங்களை முதலில் எடுத்துப் போவோமே, அப்படி எல்லாவற்றையும் எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு மரியாதை இருக்கிறது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. யாங்கீஸ் அணி 1929-ல் சட்டை முதுகில் எண் போட ஆரம்பித்தது. மூன்றாவதாக மட்டை பிடிப்பவருக்கு 3, நாலாவதாகப் பிடிப்பவருக்கு 4, இப்படி. ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அந்த எண்ணுக்கே ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த அணியில் வேறு யாரும், எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும், அந்த எண்ணைப் போட முடியாது. இப்படி யாங்கீஸ் அணி ஓய்வு கொடுத்த எண்கள் இருபதுக்கும் மேல். 2017-ல் டெரெக் ஜீட்டரின் 2-க்கு ஓய்வு கொடுத்ததோடு, 1 முதல் 9 வரை ஒற்றை இலக்கம் ஒன்றுகூட மீதி இல்லை. "பாட்டி, நான் பெரியவனாகி யாங்கீஸ்ல ஆடினா எனக்கு மூணு இலக்க நம்பர்தான் கிடைக்கும்போல" என்று பேரன் நிஜமாகவே கவலைப்பட்டான்.

"எல்லாம் ஒரு வியாபாரம்தான் அத்தை. இந்தப் பேரைச் சொல்லித்தான் சட்டை விக்கறாங்க, டிக்கெட் விக்கறாங்க" என்றார் மாப்பிள்ளை. இருக்கலாம். நம் ஊர்த் திருவிழாவிலும் வளையல் கடை உண்டு, ராட்டினம் உண்டு. அதனால் சாமி இல்லை என்று ஆகிவிடுமா?

அப்போது பேரன் என்னை ஒரு கல்லுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினான். "இவர்தான் பாட்டி, நாலாம் நம்பர். லூ கெரிக். எங்க கோச் இவர் கதையைச் சொன்னார். இவருக்கு வந்த வியாதிக்கு இவர் பேரையே வெச்சுட்டாங்க."

"என்ன வியாதிடா?"

மாப்பிள்ளை தயங்கினார். பிறகு மெல்லிய குரலில், "பெரிய மாமாவுக்கு வந்ததே, அதேதான் அத்தை" என்றார்.

எனக்குக் கால் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என் பெரியண்ணன் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். காலை ஐந்து மணிக்கு அவருடைய விசில் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெரு எழுந்திருக்கும். காலில் செருப்பில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோ-கோ அணி ஒன்றை உருவாக்கி, மாவட்டப் போட்டிகளில் கேடயம் வாங்கி வந்தவர். பசியோடு வரும் பையன்களுக்கு அண்ணி தினமும் கூடுதலாக ஒரு படி அரிசி போடுவாள்.

1989-ல் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "விரல் மரத்துப் போச்சு, வயசாகுதில்ல" என்று சிரித்தார். அப்புறம் சாவிக்கொத்து கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் காலை மைதானத்தில் விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைக் குவிக்க முடியவில்லை. பையன்கள் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்களாம். அதை எங்களிடம் சொல்லும்போது அண்ணனும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் மைதானத்துக்குப் போகவில்லை.

மோட்டார் நியூரான் நோய் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். மூளையிலும் முதுகுத் தண்டிலும் இருந்துகொண்டு தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. ஆனால் அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். கண்ணும் காதும் நன்றாகவே வேலை செய்யும். இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் மறந்துவிட்டோம்.

அப்போது அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "பரம்பரை வியாதின்னு ஊர்ல பேச ஆரம்பிச்சா பொண்ணு கதி என்ன?" என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அண்ணனைப் பின்கட்டு அறைக்கு மாற்றினோம். யார் வந்தாலும் "வைத்தியத்துக்குப் பெங்களூர் போயிருக்கார்" என்று சொல்வதாக ஏற்பாடு.

அந்த வருஷம் லீவுக்கு நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு சாயங்காலம் ஐந்தாறு வாலிபர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணனுடைய பழைய கோ-கோ பையன்கள். ஒருவன் பஸ் கண்டக்டர், ஒருவன் கல்லூரியில் படிக்கிறான். பள்ளி விளையாட்டு விழாவில் மாஸ்டருக்கு மாலை போட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு கைக்கடிகாரம் கொடுக்க வேண்டுமாம். "அஞ்சு நிமிஷம் வந்து உக்காந்தா போதும்க்கா. நாங்க தூக்கிட்டுக்கூடப் போறோம்" என்றான் ஒருவன். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

"அண்ணன் ஊர்ல இல்லப்பா. நல்லபடியா குணமாகி வரட்டும், அப்புறம் ஜாம்ஜாம்னு வெச்சுக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பின்கட்டுக்குப் போனபோது அண்ணன் குழறலாகக் கேட்டார். "யாரும்மா வந்தது?"

"பால்காரர்ண்ணே."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 1991-ல் அவர் போனபோது தெரு கொள்ளாத கூட்டம். அதே பையன்கள், அதே மாலை. போட்டுக்கொள்ள அண்ணன்தான் இல்லை.

இதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு மாப்பிள்ளை எனக்கு லூ கெரிக்கின் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மேற்கொண்டும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லூ கெரிக் 1903-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். அம்மா துணி துவைத்தும் சமைத்தும் பிள்ளையைப் படிக்க வைத்தவள். மகன் சேர்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே மாணவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் சமையல் வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளை யாங்கீஸ் அணியில் சேர்ந்து, 1925 ஜூன் 1 முதல் 1939 ஏப்ரல் 30 வரை, ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடினார். காய்ச்சல், விரல் முறிவு, எதற்கும் லீவு கிடையாது. 1939-ல் கையில் பலம் குறைந்தது. பந்து வழுகியது. மே 2-ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் அவரே மேலாளரிடம் போய், "இன்று என்னைச் சேர்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 19, அவருடைய முப்பத்தாறாவது பிறந்த நாள். அன்றுதான் மேயோ மருத்துவமனை வியாதியின் பெயரைச் சொன்னது. அதிலிருந்து பதினைந்தே நாள். ஜூலை 4-ஆம் தேதி, மைதானத்தில் 61,000 பேருக்கு மேல் கூடியிருக்க, அவருக்குப் பாராட்டு விழா எடுத்துவிட்டார்கள். "குணமாகி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாரும் சொல்லவில்லை. பழைய தோழர்கள் எல்லாரும் வந்தார்கள். மனஸ்தாபமாகிப் பல வருஷம் சரியாகப் பேசாமல் இருந்த பேப் ரூத்கூட வந்து கட்டித் தழுவிக்கொண்டார். மைதானத்தில் வேலை செய்கிறவர்கள் பரிசு கொடுத்தார்கள். எதிரணியான ஜெயண்ட்ஸ் அணியும் கொடுத்தது. ஒவ்வொரு பரிசையும் வாங்கிய கையோடு அவர் தரையில் வைத்துவிட்டாராம். பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை. அதைப் படித்தபோது என் அண்ணன் கையிலிருந்து நழுவிய சாவிக்கொத்துதான் எனக்கு நினைவு வந்தது.

மைக்குக்கு முன்னால் வந்து, இந்த உலகத்திலேயே பாக்கியசாலி தான்தான் என்று பேசினார் லூ கெரிக். அப்பா அம்மாவுக்கு நன்றி, மனைவிக்கு நன்றி. அதோடு, தனக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் சொந்தப் பெண்ணை விட்டுவிட்டு மருமகன் பக்கம் பேசும் மாமியாருக்கும் நன்றி! (இதைச் சொல்லும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மகள் முறைத்தாள்.)

அந்த வருஷமே 4-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலில் ஒரு வீரருக்காக எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஆட முடியாவிட்டாலும் அந்தப் பருவம் முழுக்க அவர்தான் அணித் தலைவர். தினமும் சீருடை போட்டுக்கொண்டு தோழர்களோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பின்கட்டுக்கு அனுப்பவில்லை. அதன்பின் நியூயார்க் நகராட்சியில் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். கையெழுத்துப் போட முடியாதபோது மனைவி எலினார் கையைப் பிடித்து உதவினாராம். 1941 ஜூன் 2-ஆம் தேதி அவர் காலமானார். ஒரே மாதத்தில், சக ஆட்டக்காரர்கள் சேர்ந்து வைத்த அந்தக் கல் மைதானத்தில் நின்றது. 2,130 என்ற சாதனை என்றென்றும் நிலைக்கட்டும் என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள். 1995-ல் கால் ரிப்கன் என்பவர் அதை முறியடித்துவிட்டார். ஆனாலும் கல்லை யாரும் மாற்றவில்லை.

இந்த அணியினர் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. தாமதமும் மனக்கசப்பும் அங்கேயும் உண்டு. அணியின் முதல் கறுப்பின வீரர் எல்ஸ்டன் ஹோவர்ட் 1955-ல் ஆட வந்தவர். 1980-ல் அவர் காலமாகி, 1984-ல்தான் அவருடைய எண்ணுக்கு அந்த மரியாதை கிடைத்தது. யோகி பெர்ரா என்ற பெரிய ஆட்டக்காரர் 1985-ல் மேலாளராக இருந்தார். பருவம் தொடங்கிப் பதினாறே ஆட்டத்தில், நேரில்கூடச் சொல்லாமல் ஆள் விட்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார் அணியின் சொந்தக்காரர். கோபித்துக்கொண்டு போனவர் பதினாலு வருஷம் அந்த மைதானத்தில் காலே வைக்கவில்லை. நடுவில் அவருக்குப் பட்டயம் வைத்தபோதுகூட வரவில்லை. 1999 ஜனவரியில் சொந்தக்காரர் தாமே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். கல்யாணத்தில் முறுக்கிக்கொண்ட சம்பந்தியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரிதான்! அந்த ஜூலை 18-ஆம் தேதி பெர்ராவுக்கு விழா எடுத்தார்கள். அன்றைய ஆட்டத்தில் டேவிட் கோன் என்ற பந்து வீச்சாளர் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் கட்டத்தைத் தொடவிடாமல் வென்றார். பேஸ்பாலில் அபூர்வத்திலும் அபூர்வம் அது. பெரியவர் மனம் குளிர்ந்து வந்த பலன் என்றுதான் நம் வீடுகளில் சொல்லியிருப்போம்.

பழைய ஆட்டக்காரர்கள் தினம் என்று 1940-களின் பிற்பாதியிலிருந்து அங்கே ஒரு விழா நடக்கிறது. நரைத்த தலையும் தொந்தியுமாகப் பழையவர்கள் சீருடை போட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிட, கூட்டம் எழுந்து கைதட்டும். இதில் என் மனசைத் தொட்டது என்ன தெரியுமா? காலமான வீரர்களின் மனைவிமாரையும் அழைத்து, அவர்கள் பெயரையும் சொல்லிக் கௌரவிக்கிறார்கள். எலினார் கெரிக் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1984-ல் மறையும்வரை இந்த வியாதிக்கான ஆராய்ச்சிக்காக உழைத்தார். பழைய மைதானத்து விழாக்களில் அவருக்கென்று எப்போதும் ஓர் இடம் இருந்தது.

அன்று ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அண்ணிக்கு இப்போது எழுபத்தேழு வயது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அண்ணனோட பழைய பசங்க மாலை போடறேன்னு வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். அண்ணன்கிட்ட பால்காரர்னு பொய் சொன்னேன்…"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அண்ணி சொன்னாள். "தெரியும்மா. உங்க அண்ணன் அன்னிக்கு ராத்திரியே சொன்னாரே. சாயங்காலம் எந்தப் பால்காரன் வருவான், என் பசங்க குரல் எனக்குத் தெரியாதான்னார். அவளைக் கேக்காதே, அவ என்ன பண்ணுவா பாவம்னுட்டார்."

முப்பத்தைந்து வருஷத்து அழுகையை அன்று அழுது தீர்த்தேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையன்களைத் தேடினேன். பையன்கள் என்ன, எல்லாரும் தாத்தாக்கள். அந்தக் கண்டக்டர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். இந்த ஜனவரியில் பள்ளி விளையாட்டு விழாவில் அண்ணியை முதல் வரிசையில் உட்கார வைத்து, மாஸ்டர் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணியின் பெயரையும் சொன்னார்கள். "இவங்க கையால சாப்பிட்டுத்தான் ஓடினோம்" என்றார் ஒருவர். மாஸ்டருடைய விசிலைப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைக்கக் கேட்டார்கள். அண்ணி புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நான் இருக்கிறவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்யா" என்று சொல்லிவிட்டாள்.

சகோதரிகளே, இரண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, இந்த வியாதியைப் பற்றி. கையிலிருந்து பொருள் நழுவுவது, கால் தடுக்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்கும்போது புரையேறுவது, தசை மெலிந்து துடிப்பது ஆகியவை நாளுக்கு நாள் அதிகமானால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரணக் காரணங்களும் இருக்கலாம், அதனால் பயந்துவிட வேண்டாம். இது தொற்று நோய் அல்ல. பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. நாங்கள் பயந்த பயத்துக்கு அர்த்தமே இல்லை. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் கிடையாது. ஆனால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க 1995 முதல் ரிலுசோல் என்ற மருந்து இருக்கிறது. மூச்சுக்கு உதவும் கருவி, உணவுக் குழாய், உடற்பயிற்சி மருத்துவம் எல்லாம் சேர்ந்து நாட்களை நீட்டிக்கவும் வேதனையைக் குறைக்கவும் செய்கின்றன. 2021 முதல் ஜூன் 2-ஆம் தேதியை லூ கெரிக் தினமாக அமெரிக்கப் பெரிய லீக் அணிகள் எல்லாம் அனுசரித்து இந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுகின்றன.

இன்னொன்று, உங்கள் வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைப் பற்றி. அவரைப் பார்க்க யாராவது வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். தலையை வாரி, நல்ல சட்டை போட்டு உட்கார வைக்க ஐந்து நிமிஷம் போதும். மாலையைப் பிடிக்கக் கையில் தெம்பில்லாவிட்டால் என்ன? பக்கத்தில் வைத்தால் போயிற்று. காது கேட்கும்.